சித்தியின் கைகளும் என் கைகளும்

மல்லிகா,

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை நீ வேலைக்குக் கிளம்பும்போது தோளில் சேலையை மடித்து வைத்துக்கொண்டு சேஃப்டி பின் குத்த முடியாமல் நின்றாய். மூன்று தரம் பின் கீழே விழுந்தது. நாலாவது தரம் அதைப் பல்லால் கடித்துத் திறந்து, கட்டைவிரலின் பக்கவாட்டால் தள்ளிக் குத்திக்கொண்டாய். நான் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரிந்ததும், "ராத்திரி கைமேல படுத்துட்டேம்மா, மரத்துப் போச்சு" என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை குழாயடியில் தண்ணீர் பிடிக்காமல், நான் குளிக்கக் காய்ச்சி வைத்த வெந்நீரில் விரல்களை நனைத்தபடி நின்றாய். அதற்கு மறுநாள் செருப்பை மாட்டும் முன் பாதத்தின் முன்பகுதியை ஒரு நிமிஷம் அமுக்கிப் பார்த்துக்கொண்டாய். அன்றிலிருந்து பதினோரு நாளாக உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைமேல் படுத்ததால் வந்த மரப்பு இல்லை இது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன். ஒரு தடவை நீ கல்யாண ஜாக்கெட் அளவு கொடுக்கப் போகவேண்டும் என்று எழுந்துவிட்டாய். இன்னொரு தடவை நானே நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பேனாவில் துணி சுற்றிக் கொடுத்தது உன் அப்பாதான். ஊருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மூச்சில் நாலு வரிதான் வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. உன் கல்யாணத்தை நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. திருநின்றவூர் மாப்பிள்ளை எனக்குப் பிடித்தவர்தான். அவர் அம்மா பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் கைகளைப் பார்த்துவிட்டு, "கை ஏம்மா இப்பிடி கீது" என்று கேட்டாள். நீ அப்போது உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாய். உன் அப்பா உடனே, "பிரசவத்துல குளிர் ஏறிடுச்சுங்க, அதுல வந்தது. பரம்பரையா ஒண்ணும் கிடையாது" என்று சொன்னார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தம்மாள் "பாவம்" என்று சொல்லி அதோடு விட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய் அது. உனக்கு இன்னும் தெரியாது.

பரம்பரையாக உண்டு. என்னைப் பெற்றவள் எங்களுக்கு நாலு வயதாகும்போது காமாலையில் போய்விட்டாள். என்னையும் உன் சித்தி சரோஜாவையும் வளர்த்தது எங்கள் நைனாவின் அக்கா, எங்களுக்கு அத்தை. வெள்ளானூரில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி. ஆனாலும் அந்தக் கையாலேயே கடைசி வரைக்கும் நட்டாள், நெல் குத்தினாள், எங்களுக்குத் தலை பின்னினாள். "சேத்துத் தண்ணியிலயே நின்னா இப்பிடித்தான் ஆவும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் நைனாவுக்கு ஆவடி தொழிற்சாலையில் கூலி ஆளாக வேலை கிடைத்து நாங்கள் கோவில்பதாகைக்குக் குடிவந்தபோது, அந்தச் சேற்றோடு அந்த வியாதியையும் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்றே நினைத்தோம். நானும் சரோஜாவும் ஒரு நாள்கூட நடவுக்குப் போனவர்கள் இல்லை.

நாங்கள் இரட்டை, ஒரே முகம் என்று நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய், பார்த்ததில்லை. நான் பின்னாளில் தின்ற மாத்திரைகளில் என் முகம் ஊதி வேறாகிவிட்டது. அதற்கு முன்னால் எங்களைப் பிரித்துச் சொல்ல நைனாவே திணறுவார். அரை மணி நேரம் நான் மூத்தவள் என்பதற்காக சரோஜா என்னை விளையாட்டாக அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள், அதுவே நிலைத்துவிட்டது. பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணமாகி உன் அப்பாவோடு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். அடுத்த வருஷம் நீ பிறந்தாய். உனக்கு மூன்று மாதம் முடிந்து நாலாவது நடக்கும்போது, ஒரு காலை உன் ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. பிழிந்தால் மணிக்கட்டில் கண்ணாடிச் சில்லு ஏறியது மாதிரி வலி. ஒரு மாதத்தில் முட்டி, ஒரு வருஷத்தில் பாதம். அத்தைக்கு அறுபது வயதில்கூட வராத அளவு கோணல் எனக்கு இருபத்திரண்டில் வந்துவிட்டது. எண்ணெய் போட்டுக் கட்டினோம், கஷாயம் குடித்தேன், புற்றுமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி யாரும் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை. அப்படிப் போன இரண்டு வருஷத்தில்தான் என் கைகள் போயின. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். பிறகு வைத்தியம் பார்த்ததெல்லாம் போனது போக மிச்சமிருந்ததைக் காப்பாற்றத்தான்.

அந்த இரண்டு வருஷமும் உன்னை வளர்த்தது சரோஜா. தினமும் காலையில் கோவில்பதாகையிலிருந்து நடந்தே வருவாள். உன்னைக் குளிப்பாட்டி, எனக்குத் தலை சீவி, உலை வைத்து, உன் அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, சாயங்காலம் நைனாவுக்குச் சமைக்கத் திரும்பி நடப்பாள். ஒரு நாள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் சாதாரணமாகத்தான் பேசுவார்கள்: "ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஒருத்தி குந்திகினு கீறா, ஒருத்தி ஓடிகினு கீறா." எனக்கு அது நெருப்பாக இருக்கும். என் முகத்தோடு, என் உயரத்தோடு, என் நடையோடு ஒருத்தி என் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாள். நோய் வராமல் இருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று யாரும் கற்பனை செய்யவேண்டியதில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு அது கதவைத் தட்டியது.

நீ அவளைத்தான் முதலில் அம்மா என்றாய். அவள் உன்னை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து, "இது அம்மா, நான் சித்தி" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் கையை நீட்டினேன். என் விரல் உன்னைக் குத்தியதோ, நான் பிடித்த விதம் உனக்குப் பயமாக இருந்ததோ, நீ வீறிட்டு அழுது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். குழந்தை. நீ என்ன செய்வாய். அவள் என்ன செய்வாள். ஆனால் அன்றைக்கு நான் அவள் கைகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்தக் கடிதத்தில் மறைத்தால் மற்றதெல்லாம் உனக்குப் புரியாது. அந்தக் கைகளும் இப்படி ஆகவேண்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை.

சீனாக்காரனோடு சண்டை வந்து தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டும் ஓடிய காலத்தில் அவளுக்கு வரன் வந்தது. பையன் பெயர் தணிகாசலம். பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், அம்பத்தூரில் விதவைத் தாயோடு இருந்தான். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயதார்த்தத்துக்கு நாள் வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நைனா என்னைப் பார்க்க வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, "நீ நிச்சயத்துக்கு வராத கண்ணு. உன் கையைப் பாத்தா அவங்க இன்னா ஏதுன்னு கேப்பாங்க. மூத்தவ மாமியார் ஊட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். ரெட்டைன்னு சொல்லவே இல்ல" என்றார். சொல்லும்போது என் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். சரோஜா மறுநாள் வந்து, "நீ வரலன்னா எனக்கு இந்த நிச்சயமே வேணாம், நைனாகிட்ட சொல்லிடறேன்" என்றாள். நான்தான் வேண்டாம் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். நல்ல வார்த்தையாகவே பேசினேன். நிச்சயம் முடிந்து வந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீடு ரயிலடிக்குப் பின்னால், மாவு மெஷினுக்குப் பக்கத்து வீடு, நாளெல்லாம் சத்தம், பேசுவதென்றால் கத்தித்தான் பேசவேண்டும் என்று சிரித்தாள். அந்த வீட்டின் அடையாளம் எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

ஒரு வாரம் பொறுத்திருந்து பார்த்தேன். பிறகு ஒரு நாள் காலை, திருமுல்லைவாயில் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, போய் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "தனியா எப்பிடிப் போவே, நானும் வரேன்" என்றாள். குழந்தையை யார் பார்ப்பது என்றேன். சரி என்று கீழே உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, செருப்பு வாரை மாட்டிவிட்டாள். வலிக்கிற விரலுக்குக் கீழே துணி மடித்து வைத்தாள். நான் உன்னை அவளிடம் விட்டுவிட்டு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து, புகைவண்டி ஏறி, திருமுல்லைவாயிலில் இறங்காமல் அம்பத்தூரில் இறங்கினேன். அந்தத் தூரம் நடப்பதற்கு எனக்கு எங்கிருந்து தெம்பு வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கெட்ட காரியத்துக்கும் உடம்பு ஒத்துழைக்கிறது, மல்லிகா.

கதவைத் திறந்த தணிகாசலத்தின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, இவ்ளோ தூரம் வந்துகீறே. ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா? இளைச்சிட்டியே" என்றாள். சரோஜா என்று நினைத்துவிட்டாள்.

"நான் அவ இல்ல. அவகூடப் பொறந்தவ."

"ரெட்டையா? சொல்லவே இல்லியேம்மா."

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் டம்ளரை வாங்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்தேன். அப்போதுதான் கைகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டம்ளரைத் தானே பிடித்து என் வாயருகே வைத்தாள். நல்லவள். அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். நான் குடித்துவிட்டுச் சொன்னேன்: "எங்க அத்தைக்கு இருந்திச்சி. எனக்குப் பத்தொம்பது வயசுல வந்திச்சி. ஒரே வயிறு, ஒரே நாளு, ஒரே ரத்தம். அவளுக்கும் வரும். கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சு நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வந்தேன்."

வரலாம் என்று சொல்லவில்லை. வரும் என்று சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து, உண்மையைத்தானே சொன்னோம், மறைத்தது நைனா, நாம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக்காகப் போனேன் என்றால், போகும் முன் சரோஜாவிடம் சொல்லியிருப்பேன் இல்லையா. அவள் போய்விட்டால் உன்னை யார் பார்ப்பது என்ற பயம் ஒரு பக்கம். அது பாதிதான். என் முகம் இன்னொரு வீட்டில் மருதாணி வைத்த கையோடு நன்றாக வாழப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. இதுதான் மீதிப் பாதி.

பத்து நாளில் ஆள் அனுப்பி, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நைனா குவார்ட்டர்ஸ்காரிகள் யாரோ பற்றவைத்துவிட்டார்கள் என்று ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தார். சரோஜா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வழக்கமான நேரத்துக்கு வந்து உன்னைக் குளிப்பாட்டினாள். அதற்கப்புறம் வந்த இரண்டு மூன்று வரன்களுக்கும் நைனா கேட்டபோது அவள் வேண்டாம் என்றாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனிகள் வந்ததும், செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் காயில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நைனா போன பிறகும் அந்த வீட்டிலேயே தனியாக இருந்துவிட்டாள். உனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும், மயிரிழை மாதிரிக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்றச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

அந்தச் சம்பந்தம் முறிந்து பதிமூன்று வருஷம் கழித்து, எமர்ஜென்சி காலத்தில், என்னைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, எனக்கு இரட்டைச் சகோதரி உண்டு என்று கேள்விப்பட்டு, அவளையும் ஒரு தடவை கூட்டிவரச் சொன்னாள். நாங்கள் போனோம். டாக்டரம்மா சரோஜாவின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சொந்தத்தில் யாருக்கு இருந்தது, எங்களைப் பெற்றவர்கள் உறவில் கட்டியவர்களா என்று கேட்டாள். நைனா தன் சொந்த அத்தை மகளைத்தான் கட்டினார் என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் வரச் சொல்லி எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினாள்.

"இது அப்படியே அம்மாகிட்டேயிருந்து பொண்ணுக்கு இறங்குற நோய் இல்லம்மா. வரக்கூடிய வாகு மட்டும்தான் பரம்பரையில வருது. அந்த வாகு இருக்கிற நிறைய பேருக்கு வாழ்நாள் பூரா ஒண்ணும் ஆகாது. எது அதைக் கிளப்பிவிடுதுன்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல. உங்க ரெண்டு பேரையும் பாருங்க. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சது. ஒருத்தருக்கு இவ்வளவு கடுமையா வந்திருக்கு, இன்னொருத்தருக்கு இத்தனை வருஷத்துல ஒரு விரல்கூட வீங்கல."

அத்தைக்கு லேசாகவும் எனக்கு இப்படியும் ஏன் வந்தது என்று நான் கேட்டேன். தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலிருந்தும் அந்த வாகு வந்து சேர்ந்தால் கொஞ்சம் கடுமையாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றாள். உன் அப்பா எங்கள் சொந்தத்தில் இல்லாதவர். அந்த ஒரு வார்த்தையை நான் இந்த நாலு வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு வந்தாலும் அத்தைக்கு வந்த மாதிரி வரட்டும், எனக்கு வந்த மாதிரி வேண்டாம் என்று. அது வெறும் ஆசை. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

நாங்கள் எழுந்திருக்கும்போது சரோஜா கேட்டாள்: "அப்போ எனக்கு வந்தே தீரும்னு இல்லியா டாக்டரம்மா?"

"யார் அப்படிச் சொன்னது? வரலாம், வராமலும் போகலாம்."

"நான் கல்யாணம் கட்டிகினு இருந்திருக்கலாமா?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "ஏன் கூடாது? தாராளமா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

சென்ட்ரலிலிருந்து திரும்பும் ரயிலில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டிய பிறகும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, திரும்பாமலேயே சொன்னாள்: "அன்னிக்கு நீ இங்கதான் வந்தேன்னு எனக்குத் தெரியும்கா."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அவர் ஒரு தபா என்னப் பாக்க வந்தாரு. கோவில்பதாகையில பஸ் நிக்கிற இடத்துல நின்னுகினு இருந்தாரு. உன்னாட்டமே ஒருத்தி வந்து கையைக் காட்டிட்டுப் போனான்னு எங்கம்மா சொல்றாங்க, நெசமான்னு கேட்டாரு. என்னாட்டம் உன்னை உட்டா வேற யாரு இருக்கா. அப்பறம் சொன்னாரு, உனக்கு வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னாரு. எனக்கு எப்பிடித் தெரியும். நீ வரும்னு சொல்லியிருக்கே. நீ பட்டுக் கண்டவளாச்சே. தெரியலன்னு சொன்னேன். அப்பறம் பஸ் வந்திச்சி, ஏறிப் போயிட்டாரு."

"தெரிஞ்சும் எதுக்குடி தினமும் வந்தே?" என்று கேட்டேன்.

"குழந்தை இன்னா பண்ணிச்சி" என்றாள்.

ஆவடியில் இறங்கும்போது கூட்டம் தள்ளியது. அவள் வழக்கம்போல என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து என்னை இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். "அத வச்சிகினு நான் இன்னா பண்றது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது எதற்கும் உதவாத பொருள்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குத் தலை சீவ வந்தபோது, நீயும் அப்பாவும் கல்யாணப் பத்திரிகை வாங்கப் போயிருந்தீர்கள். உன் விரல்களைப் பற்றிச் சொன்னேன். அவள் சீப்பை நிறுத்தாமல், "எனக்குத் தெரியும். ஒரு மாசமாவே காலைல மொத ஒரு மணி நேரம் அவ கம்பியைத் தொடறதில்ல. கம்பி சுத்தற பாபினை அடுக்கறேன், பெருக்கறேன்னு சுத்திகினு இருக்கா" என்றாள். நான் இந்தத் தடவை என்ன செய்வது, மாப்பிள்ளை வீட்டில் யார் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று அவளிடமே கேட்டேன். என்னைப் போல் வெட்கம் கெட்டவள் யார் இருப்பாள். அவள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டு, "யாருகிட்ட சொல்றதுன்னு நீ முடிவு பண்ணாத. மொதல்ல அவகிட்ட சொல்லு. அன்னிக்கு நீ எங்கிட்ட சொல்லல" என்றாள்.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். இது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நான் செய்ததுபோல எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு மாதங்களைக் கழிக்காதே. வியாழக்கிழமைதான் டாக்டரம்மா பார்க்கும் நாள். சித்தி லீவு சொல்லிவிட்டாள், உன்னையும் சொல்லச் சொன்னாள். பெயர் எதுவானாலும் அந்தம்மாள் வாயால் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள். கம்பவுண்டர் கொடுக்கிற வெள்ளை மாத்திரைக்கு மட்டும் போகாதே. மூன்று நாளில் எழுந்து நடக்கவைக்கும், மூன்று வருஷத்தில் எலும்பைத் தின்றுவிடும்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நான் சொல்லமாட்டேன். அந்த உரிமை எனக்குப் போய்விட்டது. ஆனால் என்னிடம் கேட்டால், அவர் அம்மாவிடம் இல்லை, ஆள் அனுப்பி இல்லை, நீயே அவரிடம் சொல் என்பேன். அப்பாவும் நானும் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொல். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வராது என்று சொல்லாதே, வரும் என்றும் சொல்லாதே. டாக்டரம்மா என்ன சொல்கிறாளோ அதை அப்படியே சொல். நாளை உனக்குப் பிறக்கும் பெண்ணுக்கும் அந்த வாகு போகலாம், போகாமலும் இருக்கலாம் என்பதையும் சொல். கேட்டுவிட்டு அவர் இருந்தால், இருப்பது உன்னோடு. தெரியாமல் கட்டிக்கொண்டால் அவர் இருப்பது நாங்கள் சொன்ன பொய்யோடு, அதுவும் உன் கையில் முதல் கோணல் தெரிகிற வரைக்கும்தான்.

போய்விடவும் செய்யலாம். நல்ல மனிதர்களும் போவார்கள். தணிகாசலம் கெட்டவன் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. உன் உடம்பில் இதை வைத்தது நான். அந்த வாகு என்னிடமிருந்துதான் வந்தது, வேறு எங்கிருந்தும் இல்லை. அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று டாக்டரம்மா ஒரு தடவை கேட்டாள். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனால் காலையில் நீ வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சமாதானம் எனக்கு ஒரு வாய்க்கும் போதவில்லை.

ஒருவேளை அவர் போய்விட்டால், அன்றைக்கு என்னிடம் வராதே, மல்லிகா. நான் அழுவேன், நீ என்னைத் தேற்றவேண்டி வரும். நேராகக் கோவில்பதாகைக்குப் போ. அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று சித்திக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

உன் அம்மா